கேளுங்கள், சொல்கிறேன்: வெள்ளைக்காரன் கொண்டுவந்த சாமியா?

கேள்வி: நான் நாகர்கோவில்காரி, சி.எஸ்.ஐ. சபை. கணவரின் வேலைக்காக நைரோபியில் இருக்கிறோம். பக்கத்து வீட்டு கிகூயு இனத்து நண்பர் சர்ச்சுக்குப் போவதையே விட்டுவிட்டார். “இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த சாமி, எங்கள் நிலத்தைப் பிடுங்க வந்த சாமி” என்கிறார். என்ன பதில் சொல்வது? மறுபடி சர்ச்சுக்குக் கூப்பிட்டுப் பார்க்கலாமா?
- ஒரு வாசகி, நைரோபி

பதில்: முதல் பாதி தவறு. இரண்டாம் பாதியில் விஷயம் இருக்கிறது.

எத்தியோப்பியாவில் அக்சும் அரசர் எசானா 4ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவரானவர். அவருடைய ஆரம்பகாலக் காசுகளில் பழைய மதத்தின் சின்னங்களான பிறையும் வட்டும் இருக்கும்; பிறகு அடித்த காசுகளில் சிலுவை. ஆங்கிலேயரை மதம் மாற்ற ரோமிலிருந்து அனுப்பிய துறவி கென்ட் கரையில் வந்து இறங்கியதே 597இல்தான்!

ஆனால் எசானாவைக் காட்டி நண்பரின் வாயை அடைத்துவிடாதீர்கள். கிகூயு ஊர்களுக்கு வந்தது அக்சும் சபை அல்ல, ஸ்காட்லாந்து மிஷன். ரயிலும் குடிசை வரியும் வெள்ளைக்காரப் பண்ணையார்களும் வந்து சேர்ந்த அதே காலம். 1929இல் மிஷன் ஒரு உறுதிமொழியை நீட்டியது: பெண்களின் பிறப்புறுப்பை அறுக்கும் சடங்கைக் கைவிடுவதாகக் கைநாட்டு வை, இல்லையேல் சபையை விட்டுப் போ. மறுத்தவர்களின் பிள்ளைகளுக்கு மிஷன் பள்ளிக்கூடமும் மூடியது. சடங்கு கொடூரமானது, 2011இல் கென்யாவே தனிச் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது. அந்த விஷயத்தில் நான் பாதிரிமார் கட்சி. பிள்ளைகளின் படிப்பில் கை வைத்தார்களே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கோபித்துக்கொண்டு போனவர்களில் பலர் பைபிளைத் தூக்கி எறிந்துவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். தாங்களே பள்ளி கட்டினார்கள், சபை வைத்தார்கள். பாதிரிகளைப் பயிற்றுவிக்கத் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆப்பிரிக்க ஆர்த்தடாக்ஸ் சபையின் பேராயரையே வரவழைத்தார்கள். 1952இல் மாவ் மாவ் கிளர்ச்சியை ஒடுக்க அவசரநிலை வந்ததும் ஆங்கிலேய அரசு அந்தப் பள்ளிகளை இழுத்து மூடியது.

அப்படியொரு பள்ளியில் படித்தவர்தான் எழுத்தாளர் கூகி வா தியாங்கோ. 1970இல் நைரோபியில் பிரஸ்பிடேரியன் சபையாரிடம் பேசப் போனவர், எடுத்த எடுப்பிலேயே ‘நான் கிறிஸ்தவனே அல்ல’ என்றார். பேசி முடித்ததும் ஒரு கிழவர் கைத்தடியை ஆட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். ஜேம்ஸ் கூகி என்று கிறிஸ்தவப் பெயரை வைத்துக்கொண்டா இந்தப் பேச்சு என்று சாடினார். கிழவர் கேட்டது நியாயம். கூகியும் பிற்பாடு அந்த ஜேம்ஸை உதறிவிட்டார்.

சர்ச்சுக்குக் கூப்பிட வேண்டாம். பஸ்ஸில் ஏறிப் பிரசங்கம் செய்கிற ஊர் அது, அவருக்கு அழைப்புக்கா பஞ்சம்? அவருடைய தாத்தா கைநாட்டு வைத்தாரா, மறுத்தாரா என்று கேட்டுப் பாருங்கள். பதில் நீளமாக வரும், டீ போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.