மூன்று நாடுகள் சேர்ந்தால்தான் பணம்

கேள்வி: ஐரோப்பாவில் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஆராய்ச்சி செய்கின்றனவே, பணம் யாருடையது?

பதில்: பெரும்பாலும் மக்களின் வரிப்பணம்தான். ஐரோப்பிய ஒன்றியம் ‘ஹொரைசன் யூரோப்’ என்ற தன் ஆராய்ச்சி நிதித் திட்டத்துக்கு 2021 முதல் 2027 வரை என்று தொடக்கத்தில் சுமார் 9,550 கோடி யூரோ ஒதுக்கியது. கூட்டுத் திட்டம் என்றால் பொதுவாக மூன்று வெவ்வேறு நாடுகளிலிருந்து குறைந்தது மூன்று அமைப்புகள் சேர வேண்டும், அதில் ஒன்றாவது ஒன்றியத்தின் உறுப்பு நாட்டில் இருக்க வேண்டும். தவணைப் பணத்தை ஒருங்கிணைக்கும் பல்கலைக்கழகம் வாங்கி மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். அப்புறம், பல திட்டங்களில் யார் எத்தனை நாள் வேலை செய்தார் என்றுகூடக் கணக்கு எழுத வேண்டும், இதைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது. எனக்கு மிகவும் பிடித்த விதி, ஆய்வுக் கட்டுரை வெளியான உடனேயே யாரும் அதை இலவசமாகப் படிக்க வழி செய்ய வேண்டும் என்பது.