உள்ளே என்ன அடைத்தீர்கள்?

வணக்கம். தைத்து மிஞ்சும் துண்டுத்துணிகளைத் தூக்கிப்போட எனக்கு மனம் வராது. ஒரு பை நிறையச் சேர்ந்துவிட்டது. அதிலிருந்து ஊசி குத்தி வைக்கும் மெத்தை ஒன்று தைத்தேன். பார்க்க அழகுதான், ஆனால் குண்டூசி பாதியிலேயே நின்றுவிடுகிறது. மழைக்காலத்தில் அதிலேயே விட்டுவைத்த இரண்டு ஊசிகள் துருப்பிடித்துவிட்டன. உள்ளே அடைத்தது பருத்தித் துணுக்குகள். இதற்குக் கடையில் வாங்குவதே மேல் என்கிறார் கணவர். அப்படித்தானா?
– ஒரு வாசகி

அன்புள்ள தோழிக்கு,

மேல்துணியைத் தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம் செலவழிப்போம். உள்ளே போவது என்ன என்று ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை. நானும் இப்படித்தான் இருந்தேன்.

துணுக்குகளை இறுக்கி அடைத்தால் குண்டூசி பத்து இருபது மடிப்புகளைத் துளைத்தாக வேண்டும், அதனால்தான் நிற்கிறது. பருத்தி ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். ஊசி மெத்தைக்கு ஆட்டு ரோமம்தான் நல்லது. அதில் லானோலின் என்ற மெழுகு இயல்பாகவே இருப்பதால் ஊசி வழுக்கிக்கொண்டு இறங்கும், துருவும் எளிதில் ஏறாது. கழுவிச் சாயம் போட்ட கம்பளி நூலில் அந்த மெழுகு குறைவு என்றாலும் பருத்தித் துணுக்குக்கு அது எவ்வளவோ தேவலை. கடையில் விற்கும் தக்காளி வடிவ மெத்தையில் ஒரு குட்டி ஸ்ட்ராபெர்ரி தொங்குமே, அது வெறும் அலங்காரம் இல்லை. வழக்கமாக அதற்குள் இருப்பது எமரித் தூள், உப்புத்தாள்போல உரசித் தேய்க்கும் கனிமத் தூள். மழுங்கிய ஊசியை அதில் நாலைந்து முறை குத்தி எடுத்தால் துருவும் பிசுக்கும் போகும். குத்தியபடியே விட்டுவிடக் கூடாது.

சரி, உங்கள் பைக்கு வருவோம். நான் உங்களுக்குச் சொல்வது இஸ்திரி மெத்தை. மார்புப் பக்கம் டாட் (கூம்பாக ஒடுங்கும் மடிப்பு) பிடித்துத் தைத்ததும் துணி குவிந்து ஒரு வடிவத்துக்கு வருகிறது. அதைச் சமதளத்தில் போட்டுத் தேய்த்தால் அந்தக் குவிவு போய்விடும். அதற்குத்தான் முட்டை வடிவத்தில், சுமார் 30 செ.மீ. நீளத்தில் கெட்டியான ஒரு மெத்தை. ஒரு பக்கம் பருத்தி, அதிகச் சூட்டுக்கு. மறுபக்கம் கம்பளி, நீராவியைப் பிடித்து வைக்க. இரண்டையும் முதலில் நனைத்துச் சுருங்கவிட்டு வெட்டுங்கள். உள்ளே காடாத் துணி ஒரு அடுக்கு கொடுத்தால் அடைக்கும் தூள் வெளியே கசியாது. அடைக்க, நன்றாகக் காய்ந்து சலித்த மரத்தூள். கல் மாதிரி ஆகும்வரை திணியுங்கள். ஒரு இரவு அப்படியே வைத்தால் காலையில் தூள் கொஞ்சம் இறங்கியிருக்கும், மறுபடி திணித்துவிட்டு வாயை இரட்டை நூலால் மூடுங்கள். கை வலிக்கும், அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் முதல் மெத்தையில் பழைய தலையணைப் பாலியஸ்டர் பஞ்சை அடைத்தேன். இஸ்திரிச் சூட்டில் அது ஒரு மாதத்துக்குள் கட்டிகட்டியாகிப் போனது. துண்டுத்துணியிலும் பருத்தியா பாலியஸ்டரா என்ற சந்தேகம் வரும். ஓர் இழையை உருவி, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகித வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கறுத்த மணியாகத் திரளும். மணியானது எதுவும் இஸ்திரிப் பக்கம் வரக் கூடாது.

துணியுறை, கத்தரிக்கோல் உறை எல்லாம் உங்களுக்கே வரும், அதற்கு நான் வேண்டாம்.

கத்தரிக்கோலையும் குண்டூசியையும் பொறுத்தவரை கணவர் சொல்வது சரி, அவற்றை வாங்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பருத்தித் துணுக்குகளைத் தூக்கிப்போடாதீர்கள். முன்கை நீளத்துக்கு உருளையாகத் தைத்து அதில் இறுக்கி அடைத்தால் சட்டைக் கையின் தையலையும் பேன்ட் காலின் தையலையும் விரித்துத் தேய்க்க வசதி. இஸ்திரி தையல்மேல் மட்டுமே படும், உள்மடிப்பின் விளிம்பு வெளியே தடமாகத் தெரியாது. பருத்தி அந்தச் சூட்டையும் தாங்கும்.

அப்புறம், அந்த ஊசி மெத்தையைப் பிரிக்கும்போது எடுத்த எடுப்பில் கையை விடாதீர்கள். முதலில் ஒரு காந்தத்தை விட்டுத் துழாவுங்கள். காணாமல் போன ஊசிகள் பாதி அதற்குள்தான் இருக்கும்.