ஒரே பானையில் பார்லி: கஞ்சியானது ஏன்?

தம்பி, அவுஸ்திரேலியாவிலிருந்து மச்சான் அனுப்பிய 2 கிலோ முளைப்பார்லியில் (முளைகட்டி உலர்த்திய பார்லி) இனிப்புச் சாறு எடுக்கப் போய், அது கல்லடி வீட்டுப் பானையில் அடிப்பிடித்து, இனிப்பே இல்லாத கஞ்சியாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். கொதிக்கவிட்டதுதான் பிழை. பார்லியின் மாப்பொருளைச் சீனியாக்கும் நொதியங்கள் கொதிநீரில் செயலிழந்துபோகும். நம் ஊரில் எருமைத் தயிருக்கு உறை ஊற்றுகிறவர்கள் பாலை ஆறவிடுவார்களே, அதே சங்கதி.

அடுத்த முறை 11 லீற்றர் தண்ணீரை 69 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, அடுப்பை அணைத்துவிடுங்கள். அடியில் இடியப்பத் தட்டொன்றைக் கவிழ்த்து, அதன்மேல் மெல்லிய துணிப்பையில் பார்லியை இறக்கிக் கட்டியில்லாமல் கிளறுங்கள். சூடு 66 பாகைக்கு வந்து நிற்கும். மூடி, பழைய போர்வையால் சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். பார்லி உடைபட்டிருக்க வேண்டும். மாவாக அரைத்தால் பை அடைத்துக்கொள்ளும்.

பிறகு ஒரு கரண்டிச் சாற்றை வெள்ளைப் பீங்கானில் ஆறவிட்டு, ஒரு துளி அயடீன் விடுங்கள். கருநீலமானால் மாப்பொருள் மிச்சமிருக்கிறது, இன்னும் கால் மணி நேரம் பொறுங்கள். பழுப்பாகவே நின்றால் பையைத் தூக்கி வடியவிடலாம்.

மதுவரி அனுமதியில்லாமல் இதை புளிக்கவைத்து மதுவாக்குவது இலங்கையில் குற்றம். ஆகவே ஈஸ்ட் பக்கம் போகாதீர்கள். சாற்றைக் கொதிக்கவைத்து, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். நம் வெயிலுக்கு வெளியே வைத்தால் விடிவதற்குள் புளிக்கத் தொடங்கிவிடும். நான் பாதியைப் பாகாக வற்றவைப்பேன். அப்பத்துக்கு அது கித்துள் பாணியைவிட நல்லது என்றால் வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள்.