வயலைப் பார்க்காமலே, மழை அளவை மட்டும் வைத்து இழப்பீடு தர முடியுமா?

முடியும். மழைக் குறியீட்டுக் காப்பீடு எனப்படும் இந்த வகைப் பயிர்க் காப்பீட்டில் சேதத்தை யாரும் அளப்பதில்லை, மழையைத்தான் அளக்கிறார்கள். ஒப்பந்தத்தில் சொன்ன அளவுக்குக் கீழே மழை போனால் பணம் வரும். அந்த அளவையும் பிரீமியத்தையும் முடிவு செய்யப் பல ஆண்டு மழைப் பதிவு தேவை.

மழைக் கணக்கும் வயல் நிலவரமும் ஒத்துப்போகாதபோதுதான் சிக்கல். 2015-16 வறட்சியில் மலாவி நாட்டுக்கு இதுதான் நடந்தது. அரசு பாலிசி எடுத்திருந்த, ஆப்பிரிக்க நாடுகளுக்கான பேரிடர் காப்பீட்டு அமைப்பான ஆப்பிரிக்கன் ரிஸ்க் கெப்பாசிட்டியின் செயற்கைக்கோள் மழைக் கணக்குப்படி, இழப்பீடு தரும் அளவுக்குப் பாதிப்பே இல்லை! அப்புறம் விசாரித்தால், விவசாயிகள் பலர் குறுகிய கால மக்காச்சோளத்துக்கு மாறியிருந்தார்கள். கணக்கில் இருந்ததோ நீண்ட கால ரகம். திருத்திய பிறகு சுமார் 81 லட்சம் டாலர் கிடைத்தது, ரொம்பத் தாமதமாக. அதனால் மழைத் தரவோடு பயிர் ரகம், விதைப்புக் காலம் எல்லாவற்றையும் பருவத்துக்கு முன்பே சரிபார்ப்பது நல்லது.