காதுக்குக் கீழ கட்டி, எடுத்தா முகம் கோணிடுமா?

கேள்வி: எங்க அம்மாவுக்கு 52 வயசு. இடது காதுக்குக் கீழ நெல்லிக்கா சைஸ்ல ஒரு கட்டி, 3 வருஷமா இருக்கு, வலியே கிடையாது. ஊசி டெஸ்ட்ல கேன்சர் இல்லைனு வந்துடுச்சு, ஆனாலும் ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும்னு சொல்றாங்க. கையெழுத்து வாங்குறப்ப "முகம் ஒரு பக்கம் கோணிக்க வாய்ப்பிருக்கு"னு படிச்சுக் காட்டவும் அம்மா பேனாவ வச்சிட்டு எழுந்து வந்துட்டாங்க. எச்சில் சுரப்பியில கை வச்சா முகம் ஏன் கோணணும் டாக்டர்?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: அம்மா பயந்ததுல தப்பே இல்லைம்மா, அந்த ஒரு வரிய மட்டும் படிச்சுக் காட்டிட்டு ஏன்னு சொல்லாம விட்டா யாருக்குத்தான் கை நடுங்காது.

கட்டி இருக்கிற இடத்துக்கு பேரு பரோட்டிட், நமக்கு இருக்கிற எச்சில் சுரப்பிகள்லயே பெருசு இதுதான், ஒவ்வொரு பக்கமும் சுமார் 25 கிராம் இருக்கும். காதுக்கு முன்னாடி கன்னத்து மேல பரவி, காது மடலுக்குக் கீழ தாடை எலும்புக்கும் காதுக்குப் பின்னாடி இருக்கிற எலும்புக்கும் நடுவுல ஆப்பு அடிச்ச மாதிரி உள்ள இறங்கியிருக்கும். இப்ப விஷயத்துக்கு வர்றேன். முகத்த அசைக்கிற நரம்பு மண்டை ஓட்டுல காதுக்குக் கீழ இருக்கிற ஒரு சின்ன ஓட்டை வழியா வெளிய வந்து நேரா இந்த சுரப்பிக்குள்ளதான் நுழையுது, உள்ளயே ரெண்டா பிரிஞ்சு அப்புறம் அஞ்சு கிளையா விரிஞ்சு நெத்தி, கண்ணு, கன்னம், கீழ் உதடு, கழுத்துனு போகுது. வாத்தோட பாதம் மாதிரி விரியுறதால அந்தக் காலத்து உடற்கூறு ஆளுங்க வாத்துக்கால்னே பேர் வச்சாங்க. அந்த நரம்புக்கு சுரப்பியில எந்த வேலையும் கிடையாது, வழி மட்டும்தான் அது வழியா. எச்சில் ஊறச் சொல்ற நரம்பு வேற.

ஆபரேஷன்ல திறந்து பார்த்தா சுரப்பி மஞ்சளா, சீதாப்பழச் சதை மாதிரி சின்னச் சின்ன சுளையா இருக்கும், அதுக்கு நடுவுல வெள்ளையா நூல் கணக்கா நரம்பு ஓடும். சர்ஜன் முதல்ல கட்டிய தொட மாட்டார், நரம்போட அடித்தண்ட கண்டுபிடிச்சு, கிளை கிளையா பின்தொடர்ந்து போய், சுரப்பிய அதுமேல இருந்து உரிச்சு எடுப்பார். இதுக்குத்தான் நேரம் ஆகும். இவ்வளவு பார்த்துச் செஞ்சும் நரம்பு கொஞ்சம் இழுபட்டா கீழ் உதடு சரியா இறங்காம போகலாம், கண்ணு முழுசா மூடாம இருக்கலாம், பெரும்பாலும் சில வாரத்துல இருந்து சில மாசத்துக்குள்ள திரும்பிடும்.

அப்போ விட்டுடலாமேனு தோணும். வேண்டாம்மா. பரோட்டிட்ல வர்ற கட்டிகள்ல பெரும்பாலானது சாதா கட்டிதான், ஆனா அதுல ரொம்ப சகஜமான வகை வருஷக்கணக்கா உள்ளயே கிடந்தா சிலருக்கு கேன்சரா மாறுது, பெருசாக பெருசாக நரம்ப காப்பாத்துறதும் கஷ்டமாகும். யாராவது கீறி விடுறேன், பத்து போடுறேன்னா தயவுசெஞ்சு சம்மதிக்காதீங்க, உறை கிழிஞ்சா கட்டி சிதறி பல இடத்துல திரும்ப முளைக்கும். ஆபரேஷனுக்கு முன்னாடியே முகம் இழுக்க ஆரம்பிச்சாலோ கட்டி திடீர்னு வளர்ந்தாலோ ஒரு நாள் கூட தள்ளிப் போடாதீங்க.

இன்னும் ரெண்டு விஷயம் முன்னாடியே அம்மாகிட்ட சொல்லி வைங்க. காது மடல் மரத்துப் போகலாம், கம்மல் போடுறப்ப உணர்ச்சி தெரியாது. சிலருக்கு சில மாசம் கழிச்சு சாப்பிடுறப்ப அந்தக் கன்னத்துல வேர்க்கும், எச்சில் ஊறச் சொல்ற நரம்பு திரும்ப வளரும்போது வழி மாறி வேர்வை சுரப்பியில போய் சேர்ந்துடுது, அதான். 1923ல இத விளக்கமா எழுதின போலந்து டாக்டர் லூசியா ஃப்ரே பேர்லதான் இன்னைக்கும் சொல்றோம். ஆபத்து இல்லை, வைத்தியமும் இருக்கு.

கேள்வி: பையனுக்கு பொன்னுக்கு வீங்கி வந்திருக்கு. புளிப்பு வாயில வச்சாலே அழுறான், ஏன்?
– வாசகர், தேனி

பதில்: பொன்னுக்கு வீங்கியில வீங்குறதும் மேல சொன்ன இதே பரோட்டிட் எச்சில் சுரப்பிதான். அத சுத்தி கெட்டியான உறை இருக்கு, உள்ள வீங்கினா விரிய இடமே இல்லை. புளிப்பு பட்டதும் எச்சில் பொங்கும், அந்த அழுத்தம்தான் வலி. மேல் வரிசையில பின்னாடி இருக்கிற ரெண்டாவது கடவாய்ப்பல்லுக்கு நேரா கன்னத்து உள்பக்கம் நாக்கால தடவிப் பாருங்க, சின்னதா ஒரு மேடு தட்டுப்படும், 5 செ.மீ. நீளக் குழாய் அங்கதான் திறக்குது. 1660ல ஆம்ஸ்டர்டாம்ல நீல்ஸ் ஸ்டென்சன்னு 22 வயசு மாணவர் ஒரு ஆட்டுத்தலைய அறுத்துப் பார்க்கிறப்ப கண்டுபிடிச்சது.

தங்கச் சங்கிலி போடுறதால வீக்கம் குறையாதுங்க, அது தானாவே ஒரு வாரம் பத்து நாள்ல வடியும். கஞ்சி, மோர் சேர்க்காத குழைஞ்ச சாதம், நிறைய தண்ணி குடுங்க. கடுமையான தலைவலி, விடாத வாந்தி, காது கேக்காம போறது, விதையில வலி, இதுல எது வந்தாலும் உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க. வீட்டுல சின்னக் குழந்தை இருந்தா தடுப்பூசி அட்டைய எடுத்துப் பாருங்க, அரசு போடுற எம்.ஆர். ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும்தான், பொன்னுக்கு வீங்கிக்கு எம்.எம்.ஆர். தனியா கேட்டுப் போடணும்.