ஒரு கால் மட்டும் வீங்கினால் தைலம் போட்டுத் தடவலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. ரப்பர் தோட்டத்தில் வழுக்கி விழுந்து வலது இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரமாகப் படுக்கையில் இருக்கிறார். இரண்டு நாளாக இடது கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது. ஆசானை (வர்ம வைத்தியரை) வரவழைத்துத் தடவினால் சரியாகும் என்கிறார் மாமா. செய்யலாமா? துபாயிலிருந்து வரும் அண்ணனுக்கும் விமானத்தில் ரத்தம் உறையுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: தடவ வேண்டாம், சகோதரி. இன்றைக்கே அப்பாவை அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனைக்கோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கூட்டிப்போங்கள்.

நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, ஆழத்தில் ஓடும் சிரைகளில் உள்ள ரத்தத்தை மேலே தள்ளுகிறது. படுத்தே கிடந்தால் அந்த ஓட்டம் மந்தமாகிவிடும். எலும்பு முறிவுக்கும் அறுவை சிகிச்சைக்கும் பிறகு ரத்தம் எளிதில் உறையும் நிலையில் வேறு இருக்கும். அதனால் அறுவை செய்யாத காலிலும் ரத்தம் உறைந்து கட்டி உருவாகலாம். அது பிய்ந்து நுரையீரல் ரத்தக்குழாயை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. காலை அழுத்தித் தடவக் கூடாது என்பது இதனால்தான். நம் மாவட்டத்து ஆசான்மார் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் இது ரத்தக்கட்டி அல்ல என்று ஸ்கேன் சொல்லும் வரை யாரும் அந்தக் காலில் கை வைக்க வேண்டாம்.

தையல் டேப் இருந்தால் முட்டுக்குக் கீழே புடைத்திருக்கும் எலும்பிலிருந்து 10 செ.மீ. இறங்கி, இரண்டு கால்களின் சுற்றளவையும் பாருங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. குறைவாக இருந்தாலும் போகத்தான் வேண்டும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் கட்டி இருந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, மயங்கினாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

கட்டி இருப்பது உறுதியானால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி அல்லது மாத்திரை தருவார்கள். குறைந்தது 3 மாதம் சாப்பிட வேண்டியிருக்கும். வீக்கம் வடிந்துவிட்டதே என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். பலர் அப்படித்தான் நிறுத்துகிறார்கள். வலிக்கிறதென்று கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிக் கொடுத்தால் ரத்தக்கசிவு வரலாம். கஷாயம், லேகியம் எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க டாக்டர் தருவது வார்ஃபரின் மாத்திரை என்றால் முருங்கைக்கீரையை விலக்க வேண்டாம். ஒரு வாரம் நிறைய, மறுவாரம் இல்லை என்று மாற்றாமல் ஒரே அளவில் சாப்பிட்டால் போதும்.

இனி எப்போது எழுந்து நடக்கலாம் என்று அறுவை செய்த டாக்டரிடம் கேளுங்கள். இடுப்பு அறுவைக்குப் பின் ரத்தம் உறையாமலிருக்க ஊசியோ மாத்திரையோ வழக்கமாகச் சுமார் 35 நாள் வரை தருவது உண்டு. அப்பாவுக்குத் தந்தார்களா, பாதியில் நின்றுவிட்டதா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அப்புறம் அண்ணன். துபாயிலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சுமார் 4 மணி நேரம்தான். ஆரோக்கியமானவருக்குப் பயம் வேண்டாம். நடுவில் எழுந்து நடக்கட்டும், உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைக்கட்டும், தண்ணீர் குடிக்கட்டும். மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம். நாகர்கோவிலிலிருந்து இரவு முழுக்க சென்னைக்கு பஸ்ஸில் உட்கார்ந்தே போகிறவர்களுக்கும் இதே யோசனைதான். முன்பு ஒருமுறை ரத்தம் உறைந்தவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், கர்ப்பிணி, பிரசவமாகி 6 வாரம் ஆகாதவர், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர் ஆகியோர் மட்டும் நீண்ட பயணத்துக்கு முன் டாக்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.