அம்மாவுக்கு மக்பெத் தெரியாது

கேள்வி: மகன் இங்கே லண்டனில் 11ஆம் ஆண்டு படிக்கிறான். மே மாதம் நம் ஓ.எல். மாதிரியான ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சை, ஏ.க்யூ.ஏ. என்ற பரீட்சைச் சபையின் பாடத்திட்டம். ஆங்கில இலக்கியத்தில் ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகம். மொக் எக்ஸாமில் (ஒத்திகைப் பரீட்சையில்) 34க்கு 13தான் எடுத்தான். புத்தகம் முழுக்க மஞ்சளும் பச்சையுமாகக் கோடு போட்டிருக்கிறான், வீடியோவும் பார்க்கிறான், ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை. நான் ஊரில் ஓ.எல். வரை தமிழில் படித்தவள். எனக்கு மக்பெத்தில் ஒரு வரி தெரியாது. நான் எப்படி உதவுவது? டியூஷனுக்கு விடலாமா?
- ஒரு தாய், ஹாரோ

பதில்: சகோதரி, உங்களுக்கு மக்பெத் தெரியாததும் நல்லதுதான். தெரிந்திருந்தால் நீங்களே சொல்லிக்கொடுக்க உட்கார்ந்திருப்பீர்கள், அவன் தலையாட்டிக்கொண்டு இருந்திருப்பான்.

இன்று இரவு சமைக்கும்போது அவனைக் கூப்பிட்டு, புத்தகத்தைப் பார்க்காமல் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். தமிழ் தடுமாறினால் ஆங்கிலம் கலக்கட்டும். உங்கள் வேலை 'ஏன்?' என்று கேட்பது மட்டும். டங்கன் மன்னன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவன், நல்லவன். அவனை மக்பெத் ஏன் கொன்றான்? நீ அரசனாவாய் என்று சூனியக்காரிகள் சொன்னதாலா? அவர்கள் கொல்லச் சொன்னார்களா என்ன? இந்த இடத்தில் உங்கள் மகன் திணறுவான். எங்கே திணறுகிறானோ அங்கேதான் திரும்பப் படிக்க வேண்டும். கோடு போட்ட பக்கத்தைப் புரட்டும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும்.

பரீட்சையில் நாடகத்தின் ஒரு பகுதியை அச்சடித்துத் தருவார்கள். அதில் தொடங்கி முழு நாடகத்தையும் பற்றி எழுத வேண்டும். புத்தகம் கொண்டுபோக முடியாது. 1 மணி 45 நிமிடத்தில் 19ஆம் நூற்றாண்டு நாவல் கேள்வி ஒன்றும் இருப்பதால், மக்பெத்துக்கு ஐம்பது நிமிடம் சொச்சம்தான். இதற்காகப் பிள்ளைகள் நாற்பது, ஐம்பது வரிகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வார்கள். வேண்டாம். ஒன்றோடொன்று கோர்த்து வைத்தால் பத்துப் பன்னிரண்டு வரி போதும்.

கைகழுவுவதையே எடுங்கள். கொலை செய்துவிட்டு வந்த மக்பெத், கடல் தெய்வமான நெப்டியூனின் கடல் முழுவதும் சேர்ந்தாலும் இந்த ரத்தம் போகுமா என்று கேட்கிறான். கொஞ்சம் தண்ணீர் போதும் என்கிறாள் மனைவி. ஐந்தாம் அங்கத்தில் அதே மனைவி தூக்கத்தில் நடந்து, இல்லாத கறையைத் தேய்த்துத் தேய்த்து, அரேபியாவின் வாசனைத் திரவியமெல்லாம் போட்டாலும் இந்தச் சின்னக் கை மணக்காது என்கிறாள். இந்த மூன்று வரிகளும், குற்ற உணர்வு பற்றிக் கேட்டாலும் உதவும், லேடி மக்பெத் பற்றிக் கேட்டாலும் உதவும், கணவன் மனைவி உறவைக் கேட்டாலும் உதவும். அந்தத் தூக்கத்தில் அவள் கவிதையில் பேசுவதில்லை, உரைநடையில் உளறுகிறாள். அதையும் கவனித்து எழுதினால் மொழிநடைக்கான மதிப்பெண்ணும் சேரும்.

இன்னொன்று உங்களுக்கே பிடிக்கும். முதல் அங்கத்தில் மனைவிக்குக் கடிதம் எழுதும் மக்பெத், 'என் பெருமையில் பங்குள்ள அன்புக் கூட்டாளி' என்கிறான். மூன்றாம் அங்கத்தில், நண்பன் பாங்கோவைக் கொல்ல ஆள் ஏற்பாடு செய்துவிட்டு, அதை அவளிடம் மறைத்து, 'டியரஸ்ட் சக்' என்று கொஞ்சுகிறான். 'சக்' கோழிக்குஞ்சை நினைவூட்டும் செல்லச் சொல். நம் ஊரில் 'என்ர குஞ்சு' என்போமே, கிட்டத்தட்ட அதுதான். கூட்டாளி குஞ்சாகிவிட்டாள்! பாசம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று மகனிடம் கேட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் பேசினாலும் அது ஒரு நல்ல பத்தி.

நாடகம் எழுதப்பட்ட காலத்து ஜேம்ஸ் மன்னர் 1603இல் இங்கிலாந்தின் அரசரானது, அவரைக் கொல்லப் போட்ட 1605இன் வெடிமருந்துச் சதி, மன்னரே சூனியம் பற்றிப் புத்தகம் எழுதியது என்று முதல் பக்கத்தையே இந்தப் பிள்ளைகள் நிரப்பிவிடுகிறார்கள். 34இல் இந்தப் பின்னணிக்கு 6தான். (வகுப்பெடுத்த காலத்தில் நானும் இதை முதல் பத்தியாக எழுதவைத்துப் பிள்ளைகளைக் கெடுத்திருக்கிறேன்.) கேள்வியோடு ஒட்டினால் மட்டும் எழுதட்டும். உதாரணமாக, ஷேக்ஸ்பியர் கதையை எடுத்த, ஹோலின்ஷெட் என்பவரின் வரலாற்று நூலில் பாங்கோவும் டங்கன் கொலைக்கு உடந்தை. ஜேம்ஸோ பாங்கோவின் வம்சமாகக் கருதப்பட்டவர். நாடகத்தில் பாங்கோ நல்லவனாகிவிட்டான். பாங்கோ வரும் பகுதி கிடைத்தால் இது பொன். வராவிட்டால் விட்டுவிடட்டும்.

சரி, டியூஷன். கதை கேட்க நீங்கள் போதும். எழுதியதைத் திருத்தத்தான் ஆள் வேண்டும். வாரம் ஒருமுறை, நாடகத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, பதினைந்து நிமிடத்தில் ஒரு பத்தி கையால் எழுதி, பள்ளிக்கூட ஆங்கில டீச்சரிடம் கொடுக்கட்டும். தானாக எழுதிக்கொண்டு வரும் பிள்ளையை டீச்சர்கள் பெரும்பாலும் திருப்பி அனுப்புவதில்லை. ஒரு மாதம் இப்படிச் செய்து பாருங்கள். அப்புறமும் மதிப்பெண் 13இலேயே நின்றால் டியூஷனை யோசிக்கலாம்.